கிண்ணக் காளானும் என் அண்ணன் காலும்

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எந்த மருந்தும் கண்டுபிடிக்கவில்லை. காட்டில் முளைக்கிற ஒரு காளானை இன்ன காளான் என்று அடையாளம் கண்டேன். அதன் சாறு ஒரு கண்ணாடித் தட்டில் கொஞ்சம் கிருமியை வளரவிடாமல் தடுத்ததைப் பார்த்தேன். என் வேலை அதோடு முடிந்தது. இதைப் பலரிடம் சொல்லிவிட்டேன். எல்லோரும் சரி என்று தலையாட்டினார்கள். என் அண்ணன் மட்டும் நம்பவில்லை.

அண்ணன் என்னைவிட ரொம்ப மூத்தவர். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அவர் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கருங்குழியில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. அதில் ஒரு பகுதி ரோட்டுக்குப் போனது. மிச்சத்தை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் சாப்பிட முடியாது என்று தெரிந்ததும் அவர் லைசென்ஸ் எடுத்தார். சுற்றுலா வேன். செங்கல்பட்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம், அங்கிருந்து கடலோரமாகவே திருவிடந்தை என்று போய் வருவார். என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். அவருக்கும் அண்ணிக்கும் பிள்ளை இல்லை. என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். எனக்கு முப்பது தாண்டிய பிறகும் அப்படித்தான்.

நான் படூர் பக்கம் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தேன். என் தலைப்பு கிண்ணக் காளான்கள். காளான் என்றால் எல்லோருக்கும் குடைதான் நினைவுக்கு வரும். இவை குடை இல்லை. செத்த மரத்திலும் ஈர மண்ணிலும் குட்டிக் கிண்ணத்தைக் கவிழ்க்காமல் வைத்த மாதிரி முளைக்கும். வித்துத் தூள் அந்தக் கிண்ணத்தின் உள்பக்கத்தில் இருக்கும். நல்ல மழை பெய்து சில நாள் கழித்துத்தான் வரும். வெயில் ஏறினால் சுருங்கிப் போய்விடும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் ஓட வேண்டும். எனக்கு வண்டி கிடையாது. பஸ் போகிற இடத்தில் காளான் முளைக்காது.

அண்ணன் சவாரி போகும்போது என்னையும் ஏற்றிக்கொள்வார். திருவிடந்தைக்கு வருகிற கூட்டம் பாதி கல்யாண வேண்டுதல் கூட்டம். கல்யாணம் ஆகாதவர்கள் மாலை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டு கோயிலைச் சுற்றுவார்கள். அவர்கள் சுற்றி முடிப்பதற்குள் நான் சவுக்குத் தோப்புக்குள் போய்த் தேடிவிட்டு வர வேண்டும். வேனில் திரும்பும்போது அண்ணன் சும்மா வரமாட்டார்.

"எல்லார் வூட்டுப் பொண்ணும் மாலைய போட்டுகினு பெருமாள சுத்துது. எங்க வூட்டுப் பொண்ணு கூடைய எடுத்துகினு சவுக்குத் தோப்ப சுத்துது. எங்கேருந்து கல்யாணம் ஆவும்?"

வேனே சிரிக்கும்.

"நான் காளானையே கட்டிக்கிறேன் போணா."

"கட்டிக்கோ. அது எதிர்த்துப் பேசாது. உனக்குத் தோதாதான் இருக்கும்."

அவரும் தேட ஆரம்பித்தார். முதலில் கொண்டுவந்ததெல்லாம் தப்பு. சவுக்குக் குப்பையிலும் சாணியிலும் ஒரு சின்னக் கிண்ணம் முளைக்கும். உள்ளே பருப்பு மாதிரி நாலைந்து முட்டை கிடக்கும். பார்வைக்குக் கிண்ணம்தான். ஆனால் நான் தேடுகிற இனமே இல்லை.

"இதுவும் கிண்ணம்தான பாப்பா?"

"கிண்ணம்தான். ஆனா நம்ம ஆளு இல்ல. உள்ள முட்டை கீது பாரு."

"நல்லா கீதே நியாயம். காலியா இருந்தா சேத்துக்குவ, ஒண்ணு ரெண்டு சொத்து வெச்சிருந்தா சேத்துக்க மாட்டியா?"

எப்படி வித்தியாசம் பார்ப்பது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். நல்ல கிண்ணக் காளானாக இருந்தால், முகத்தைக் கிட்டே கொண்டுபோய் மெல்ல ஊத வேண்டும். ஊதிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் கிண்ணத்திலிருந்து புகை மாதிரி ஒன்று தானாகவே எழும். உள்ளே இருக்கிற வித்துக்கள் எல்லாம் ஒரே மூச்சில் வெடித்துக் கிளம்புவதுதான் அது. அண்ணன் அதைப் பார்த்த முதல் தடவை மண்ணிலேயே குந்திவிட்டார். "பீடி புடிக்குது பாப்பா இது!" என்றார். அதன் பிறகு எந்தக் கிண்ணத்தைப் பார்த்தாலும் ஊதிப் பார்க்காமல் விடமாட்டார். எனக்குக் கோபம் வரும். தூளெல்லாம் போய்விட்டால் நான் எதை வைத்துப் பார்ப்பது?

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு குன்றின் அடியில், ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற கலங்கல் தாண்டி, ஒரு பெரிய அத்தி மரம் சாய்ந்து கிடந்தது. எப்போதும் ஈரமும் நிழலுமாக இருக்கிற இடம். அந்த மரத்தின் அடிப்பக்கம் அண்ணன்தான் அதைப் பார்த்தார். இளஞ்சிவப்பு. ஒரு ரூபாய் நாணயம் அளவு. மெல்லிய காம்பு. விளிம்பைச் சுற்றி நுண்ணிய மயிர்.

"தோ பாரு பாப்பா, கம்மல் மாதிரி கீது."

நான் அதைக் கத்தி முனையால் மரத்தூளோடு பெயர்த்தேன். பிளாஸ்டிக் பையில் போட்டால் வேர்த்து அழுகிவிடும். காகிதத்தில் மடிக்க வேண்டும். அண்ணன் வேனிலிருந்து பழைய பேப்பரைக் கிழித்துக் கொடுத்தார். எந்த மரம், பட்டை இருந்ததா, உரிந்திருந்ததா என்று பேப்பர் மேலேயே எழுதச் சொல்லி எனக்கே ஞாபகப்படுத்தினார். இரண்டு மழைக்காலத்தில் அவர் அவ்வளவு கற்றுக்கொண்டிருந்தார்.

நிறத்தை வைத்துக் காளானுக்குப் பெயர் சொல்லக் கூடாது. பிளேடால் முடி கனத்துக்குச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைக்க வேண்டும். நீளமான குழாய்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு குழாயிலும் எட்டு வித்து, பட்டாணிக் காயில் பட்டாணி மாதிரி. குழாயின் நுனியில் ஒரு மூடி இருக்கிறதா, அது டப்பா மூடி மாதிரி திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். அயோடின் விட்டால் நுனி நீலமாகிறதா என்று பார்க்க வேண்டும். வித்தின் மேல் கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நான் மறுபடி மறுபடி சீவினேன். மூடி இருந்தது. நீலமாகவில்லை. வித்தின் மேல் மெல்லிய கோடுகள். மயிரின் வேர் எங்கிருந்து கிளம்புகிறது என்பதில்தான் இரண்டு இனங்களுக்கு நடுவே சந்தேகம். அதற்கே வாரக்கணக்கில் ஆனது. கடைசியில் பெயர் உறுதியானதும் அண்ணனுக்குப் போன் செய்து லத்தீன் பெயரைச் சொன்னேன்.

"வாயில நுழையல. நான்தான கண்டேன், என் பேர வையேன்."

"புது இனம் இல்லணா. எப்பவோ யாரோ பேர் வெச்சிட்டாங்க."

"நம்ம வூட்டுக்கு எல்லாமே லேட்டாதான் வருது."

அடுத்த வேலை, அதில் ஏதாவது பயன் இருக்கிறதா என்று சோதிப்பது. காளானை நிழலில் காய வைத்துப் பொடியாக்கி, மெத்தனாலில் ஊற வைத்து, வடிகட்டி, அந்தத் திரவத்தைப் போக்கிவிட்டால் அடியில் பழுப்பாக ஒரு பிசின் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுக்கினாலும் அது விரல் நகத்தில் அள்ளுகிற அளவுதான் தேறும். கிருமி தடவிய தட்டில் சின்னக் குழிகள் குடைந்து, ஒரு குழியில் இந்தச் சாறு, ஒரு குழியில் வெறும் கரைப்பான், ஒரு குழியில் மெடிக்கல் ஷாப்பில் விற்கிற சாதாரண ஆன்டிபயாடிக் என்று விட்டு வைப்போம். மறுநாள் தட்டு முழுக்க கிருமி வெள்ளையாகப் படர்ந்திருக்கும். எந்தக் குழியைச் சுற்றித் தெளிவாக ஒரு வட்டம் இருக்கிறதோ அங்கே கிருமி வளரவில்லை என்று அர்த்தம்.

என் சாற்றைச் சுற்றி வட்டம் வந்தது. நான் குதித்தேன். பொய் சொல்லமாட்டேன், குதித்தேன். பலமுறை திருப்பிச் செய்தபோதும் வந்தது. ஆனால் பக்கத்திலேயே ஆன்டிபயாடிக் வட்டம் அதைவிடப் பெரிதாக இருந்தது. இதையும் சொல்ல வேண்டும். தட்டில் வட்டம் போடுவது பெரிய விஷயமே இல்லை. பினாயிலும் வட்டம் போடும். பிளீச்சிங் பவுடரும் போடும். அதற்காகப் புண்ணில் பினாயில் ஊற்றுவார்களா? உடம்புக்குள் அது என்ன செய்யும், நல்ல சதையை விட்டுவைக்குமா, எவ்வளவு போட வேண்டும், எதுவும் எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அதையெல்லாம் பார்க்க இன்னும் எத்தனையோ பேர் எத்தனையோ வருஷம் வேலை செய்ய வேண்டும். பெரும்பாலும் பாதியிலேயே ஒன்றுமில்லை என்று ஆகிவிடும்.

எங்கள் சாருக்கு, அதாவது என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியருக்கு, இது எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகவே தெரியும். ஆனாலும் கல்லூரி விழாவுக்கு வந்த ஒரு பத்திரிகைக்காரரிடம் அவர் வாய் கொடுத்தார். அந்தக் கிருமி புண்ணில் வருவது. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணிலும் வரும். அவர் இவ்வளவுதான் சொன்னாராம். உள்ளூர்ப் பக்கத்தில் வந்த செய்தி, சர்க்கரைப் புண்ணுக்குக் காட்டுக் காளானில் மருந்து கண்டுபிடித்த மாணவி என்று வந்தது. என் போட்டோ. பக்கத்தில் தட்டின் போட்டோ. அதில் ஆன்டிபயாடிக் குழியை வெட்டிவிட்டு என் வட்டத்தை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

நான் சார் அறைக்குப் போனேன்.

"சார், இது தப்பு சார். மருந்துன்னு போட்டிருக்காங்க. மறுப்புப் போடச் சொல்லுங்க."

"அவங்க எழுதறதுக்கு நான் என்னம்மா பண்ண முடியும்? நான் என்ன, தப்பாவா சொன்னேன்?"

"நம்புவாங்க சார்."

"ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க. நாளைக்கு வேலைக்கு அப்ளை பண்ணும்போது உனக்குத்தான் இது உதவும். போய் வேலையப் பாரு."

மறக்கவில்லை. கருங்குழியில் எங்கள் தெருவில் யாரும் மறக்கவில்லை. அண்ணன் அந்தப் பேப்பரை வேனின் முன் கண்ணாடியில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில், உள்பக்கமாக ஒட்டி வைத்தார். சவாரிக்கு வருகிறவர்களெல்லாம் படித்தார்கள். நான் கிழிக்கச் சொன்னேன். "கம்முனு கெட. எங்க வூட்ல மொத மொத பேப்பர்ல வந்தது நீதான்" என்றார்.

அண்ணனுக்குச் சர்க்கரை இருந்தது. கால்களில் உணர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. அது எங்களுக்குத் தெரியும். கவனிக்காத விஷயம் ஒன்று இருந்தது. அவர் வேனில் ஏறும்போது செருப்பைக் கழற்றிவிடுவார். வண்டி அவருக்குச் சாமி. ஆயுத பூஜைக்கு மட்டுமில்லை, வருஷம் முழுக்கவே. அந்தப் பழைய வேனில் இன்ஜின் டிரைவர் காலடியில்தான். போட்டிருந்த ரப்பர் விரிப்பு ஒரு பக்கம் தேய்ந்து தகரம் தெரியும். நீளமான சவாரியில் அந்தத் தகரம் தோசைக்கல் மாதிரி சுடும். உணர்ச்சியுள்ள கால் தானாக விலகிவிடும். அவர் கால் விலகவில்லை. மாமல்லபுரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்க இறங்கியபோது, இன்னொரு டிரைவர்தான் பார்த்திருக்கிறார். "இன்னா அண்ணாத்த, காலு வெந்து தோலு தொங்குது, நீ பாட்டுக்கு டீ குடிச்சிகினு நிக்கற?" என்று கேட்டாராம். அதற்குப் பிறகுதான் அண்ணன் குனிந்து பார்த்திருக்கிறார்.

அந்தப் புண் ஆறவில்லை. பெருவிரலுக்கு அடுத்த விரல் கறுத்தது. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினோம். அங்கே பார்த்த டாக்டரம்மா எதையும் சுற்றி வளைக்கவில்லை. அந்த ஒரு விரலை எடுத்துவிடலாம், எடுத்தால் கால் தப்பிக்கும், தள்ளிப்போடாதீர்கள் என்றார். நல்ல டாக்டர். சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொன்னார்.

அண்ணன் வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து சிரித்தார்.

"வெரல எடுக்கணுமாம். எம் பாப்பா மருந்து கண்டுபுடிச்சி பேப்பர்லயே வந்துச்சி. அந்தம்மா பேப்பர் படிக்கறதில்ல போல."

"அண்ணா, அது மருந்து இல்ல. எத்தினி தடவ சொல்றது?"

"மருந்து இல்லாமதான் போட்டாங்களா?"

"அவங்க தப்பாப் போட்டாங்க. அது ஒரு தட்டுல பாத்தது. உடம்புல யாருக்கும் போட்டுப் பாக்கல."

"அப்ப எனக்குப் போட்டுப் பாரு. உனக்கும் ஆச்சி, எனக்கும் ஆச்சி."

"போடக் கூடாதுணா."

"ஏன், உங்க சாரு திட்டுவாரா? நான் வந்து பேசறேன். கையெழுத்து கூட போட்டுத் தரேன். எனக்கு ஏதாச்சும் ஆனா பாப்பா பொறுப்பில்லன்னு எழுதித் தரேன்."

அண்ணி கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்படியாவது பேசி ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்று கேட்கிறார் என்று நினைத்தேன். அவர் என்னைக் கூடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டது வேறு. "கொஞ்சூண்டு எடுத்தாந்தா யாருக்குத் தெரியப்போவுது? உங்கண்ணன்தான?" என்றார்.

நான் கத்தினேன். மருந்தே இல்லை என்கிறேன், எதைக் கொண்டுவருவது என்று கத்தினேன். அந்த ஆன்டிபயாடிக் வட்டம் என் வட்டத்தைவிடப் பெரிது, அதைத்தான் ஆஸ்பத்திரியில் கொடுக்கிறார்கள், அதுவே விரலுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் காளான் என்ன செய்யும் என்று கேட்டேன். ரத்த ஓட்டமே நின்றுபோன விரலில் எதைத் தடவினாலும் ஒன்றுமில்லை என்றேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கும்படி கத்தினேன். நான் கத்தக் கத்த அவர்கள் முகம் மூடிக்கொண்டே போனது. கொடுக்க மனசில்லாதவள்தான் இவ்வளவு காரணம் சொல்வாள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கும். அவர்கள் இடத்தில் இருந்தால் எனக்கும் தோன்றியிருக்கும்.

"விடு. நம்ம பாப்பாவ பேஜாரு பண்ணாத" என்று அண்ணன் அண்ணியிடம் சொன்னார். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று என்னிடம் சொன்னார். நான் நம்பினேன். கல்லூரி விடுதிக்குத் திரும்பிவிட்டேன்.

அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. குன்றடிக்குப் போயிருக்கிறார். அது மழைக்காலம். புண் காலில் பாலித்தீன் கவர் கட்டிக்கொண்டு, அந்த அத்தி மரம் கிடந்த இடத்துக்கு நடந்திருக்கிறார். கிண்ணத்தைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்திருக்கிறார். வேனுக்குள் நிழலில் காய வைத்திருக்கிறார். நான் ஏதோ ஸ்பிரிட்டில் ஊற வைப்பேன் என்று அவருக்குத் தெரியும். அவருக்குக் கிடைத்தது பிராந்தி. அதில் ஊற வைத்து, வடிகட்டி, பஞ்சில் நனைத்து விரலில் வைத்து, மேலே துணி சுற்றியிருக்கிறார். ஒவ்வொரு நாளும். அண்ணியிடம் சொல்லவில்லை. நான் போன் செய்தபோதெல்லாம் "இப்ப தேவல பாப்பா, வாடிகினு வருது" என்று சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகிறார், அங்கே கொடுக்கிற மாத்திரையில் வாடுகிறது என்று நினைத்தேன்.

வலி தெரியாத கால். அதனால் அவர் சொன்னது பொய்யில்லை. அவருக்கு நிஜமாகவே தேவலை மாதிரிதான் இருந்திருக்கும்.

நாற்றம்தான் காட்டிக்கொடுத்தது. வேனில் வந்த ஒரு குடும்பம் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று சீட்டுக்கு அடியிலெல்லாம் தேடியிருக்கிறார்கள். பாதி வழியில் இறங்கி வேறு வண்டி பிடித்துப் போனார்கள். அன்றைக்கு சாயங்காலம் அண்ணி கட்டைப் பிரித்துவிட்டு எனக்குப் போன் செய்தார். அழுகை மட்டும் கேட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவரை ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். காய்ச்சலில் உடம்பு தூக்கிப் போட்டது. கறுப்பு பாதத்தில் பரவி, கணுக்காலுக்கு மேலும் சிவப்பு ஏறியிருந்தது. அதே டாக்டரம்மாதான். அவர் என்னைப் பார்த்த பார்வையில் கேள்வி இருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். உயிரைக் காப்பாற்றினார்கள்.

மறுநாள் வேனில் அவருடைய பையை எடுக்கப் போனேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், துணி மூடி, அந்தப் பிராந்தி பாட்டில் இருந்தது. அடியில் ஊறிய காளான். பாட்டிலைக் கல்லூரிக்கு எடுத்துப் போனேன். ஒரு துண்டை எடுத்துச் சீவி மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று தெரியவில்லை. அவர் தப்பான காளானை எடுத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வைத்தேன். அந்த முட்டை போட்ட கிண்ணமாக இருந்தால் நன்றாக இருக்கும், தப்பான ஒன்றைப் போட்டார் என்று அவரிடம் சொல்லலாம், அவரும் ஒப்புக்கொள்வார். குழாய்கள் வரிசையாக நின்றன. எட்டு எட்டாக வித்து. மூடி. கோடு. மயிர். அதே இனம். ஒரு துண்டு கூடத் தப்பாக இல்லை. எங்கள் துறையில் எம்.எஸ்ஸி. படிக்கிற பிள்ளைகள் கூட இவ்வளவு சரியாகப் பொறுக்கமாட்டார்கள்.

அந்த மேஜையில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன்.

காளான் அவர் காலைக் கெடுக்கவில்லை. அது எதையும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாத ஒரு பொருளை நம்பி அவர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தார், அதற்குள் கால் போய்விட்டது. இதைச் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார். நிஜமாகவே வருத்தப்பட்டார். "படிக்காதவங்க, என்னம்மா பண்றது" என்றார். எனக்கு அவர் மேஜையில் இருந்ததையெல்லாம் தள்ளிவிட வேண்டும் போல இருந்தது. எங்கள் அண்ணன் படித்தார் சார், நீங்கள் சொன்னதைத்தான் பேப்பரில் எழுத்துக் கூட்டிப் படித்தார் என்று சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு என் ஆய்வேட்டில் எங்கெங்கே அந்த வட்டத்தைப் பற்றி எழுதியிருந்தேனோ அங்கெல்லாம், இது மருந்து அல்ல, தட்டில் மட்டும் பார்த்தது என்று ஒரு வரி சேர்த்தேன். திரும்பத் திரும்ப வருகிறது, எடுத்துவிடு என்றார் சார். எடுக்கவில்லை.

அண்ணன் வீட்டுக்கு வந்தார். வேனை விற்றுவிட்டார்கள். கட்டைக் கால் பொருத்த அளவெடுத்தார்கள். எல்லோரிடமும் பேசினார், பழைய மாதிரியே கிண்டல் செய்தார். பார்க்க வந்த டிரைவர்களிடம், "இனிமே ஒரு செருப்பு வாங்கினா போதும் மச்சான், பாதி டப்பு மிச்சம்" என்றார். என்னிடம் மட்டும் பேசமாட்டார். சண்டையெல்லாம் இல்லை. நான் உள்ளே போனால் டிவியைப் பார்ப்பார். சாப்பிட்டாயா என்று கேட்டால் அண்ணியைப் பார்த்து, "சாப்ட்டாச்சின்னு சொல்லு" என்பார். பாப்பா என்று கூப்பிடுவது நின்றுவிட்டது.

ஒருநாள் நான் வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளே யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. "அவ வெச்சிருக்கறது ஒரிஜினல். நான் போட்டது நாட்டு வைத்தியம் மாதிரி. ஒரிஜினல் வேற. அத்த வெளியவுட மாட்டாங்க. பெரிய எடத்துக்குப் போவும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கால் போனதற்காக அவர் என் மேல் கோபப்படவில்லை. நல்ல மருந்து என் கையில் இருந்தும் நான் கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். படிக்க வைத்த அண்ணனுக்கு ஒரு விரல் அளவு மருந்து தர மனசு வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அதைத் தாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

ஒன்று செய்தேன். அவர் என் லேபுக்குள் ஒருநாளும் வந்ததில்லை. எத்தனையோ முறை என்னைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார், கேட்டோடு திரும்பிவிடுவார். செக்யூரிட்டி விடமாட்டார் என்று அவராகவே நினைத்துக்கொள்வார். உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டால் நம்புவார் என்று எனக்குத் தோன்றியது. பெட்டி பெட்டியாக மருந்து இல்லை, மாத்திரை இல்லை, ஒன்றுமே இல்லை என்று பார்த்துவிட்டால் போதும். அண்ணியிடம் சொல்லிக் கெஞ்சினேன். அண்ணி அவரிடம் என்ன சொன்னாரோ, வருகிறேன் என்றார்.

ஒரு காரில் அழைத்துப் போனேன். கேளம்பாக்கம் தாண்டும்வரை அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். டிரைவர் ஒரு வளைவில் கியர் மாற்றத் தடுமாறியதும் நாக்கை மட்டும் கொட்டிக்கொண்டார். லேபுக்குள் ஊன்றுகோலை வைத்து மெல்ல வந்தார். ஆய்வு மாணவர்கள் எழுந்து நின்றார்கள். ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். மைக்ராஸ்கோப்பைக் காட்டினேன். தட்டுகளை, அடுப்பை, கண்ணாடிக் குடுவைகளைக் காட்டினேன். அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். எல்லாவற்றையும் ஒரு வேன் வாங்க வந்தவர் மாதிரி கவனமாகப் பார்த்தார்.

கடைசியில் பிரீசரைத் திறந்தேன். அந்தச் சாறு எவ்வளவு இருந்ததோ அவ்வளவையும் ஒரே ஒரு சின்னக் கண்ணாடிச் சிமிழில் வைத்திருந்தேன். சுண்டு விரல் உயரம். அதன் அடியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. சாய்த்தாலும் வழியாது. அதை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

"பாருணா. இவ்ளோதான் இருக்கு. மொத்தமா இவ்ளோதான். எத்தினி மழைக்கு நம்ம ரெண்டு பேரும் பொறுக்கினது எல்லாம் சேத்து இதான். வேற எங்கயும் எதுவும் ஒளிச்சி வைக்கல."

அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் கண்ணாடியை மெல்லத் தட்டினார். குளிரில் சிமிழ் வேர்த்திருந்தது, சட்டையில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் போனதை நான் பார்த்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்ளோ கீதே பாப்பா" என்றார். "எனக்கு ஒரு வெரலுக்குத்தான கேட்டேன். இது போதுமே."